ரெக்கார்டு நோட்டின் கடைசிக் கட்டம்

தொண்ணூறுகளின் கடைசியில் தமிழ்நாட்டில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு 8085 லேப் மறந்திருக்க வழியில்லை. இன்டெல் 1976இல் கொண்டுவந்த எட்டு பிட் ப்ராசசர் அது. கடைகளில் பென்டியம் வந்துவிட்ட காலத்தில், நாங்கள் லேபில் ஒரு பச்சை போர்டின் முன்னால் ரெண்டு ரெண்டு பேராக நின்றுகொண்டிருப்போம். பதினாறு ஹெக்ஸ் விசைகள், சிவப்பாக எரியும் ஆறு இலக்கங்கள். முதல் நாலு இலக்கம் முகவரி, அடுத்த ரெண்டு அந்த முகவரியில் இருக்கும் பைட். 4100இல் தொடங்கி ஒவ்வொரு பைட்டாக அடித்துக்கொண்டே போக வேண்டும். ஒரு விசை ரெண்டு தடவை விழுந்துவிட்டால் ப்ரோகிராம் எங்கேயோ ஓடிப்போகும். ரீசெட், மறுபடியும் 4100.

கிட் என்று நாங்கள் அழைத்த அந்தப் போர்டில் செய்யும் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். ரெக்கார்டு நோட்டு எழுதுவதுதான் பெரிய வேலை. ஸ்கேல் வைத்து ஐந்து கட்டம் போட வேண்டும்: முகவரி, ஓப்கோடு, லேபிள், நிமானிக், கமெண்ட்ஸ். கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் சார் கையெழுத்துப் போட மாட்டார். எனவே எல்லோருமே நிரப்பினோம். எம்விஐ பி, 03 என்ற வரிக்கு நேரே ‘பி ரிஜிஸ்டரில் 03-ஐ வை’ என்று ஆங்கிலத்தில் எழுதினோம். ஏடிடி பி-க்கு நேரே ‘பி-யை அக்குமுலேட்டருடன் கூட்டு’. எச்எல்டி-க்கு நேரே ‘ப்ரோகிராமை நிறுத்து’. ஆணை எதைச் சொல்கிறதோ அதையே கமெண்ட்டும் சொன்னது. சீனியர் நோட்டைப் பார்த்து நாங்கள் எழுதினோம், எங்கள் நோட்டைப் பார்த்து ஜூனியர்கள் எழுதினார்கள், அந்த வாசகங்கள் பேட்ச் பேட்சாக மாறாமல் இறங்கி வந்தன.

அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 06, 80, 32, 76 என்று வெறும் எண்களாக மட்டும் தெரிந்த ஒன்றுக்கு முதல்முறையாக ஒரு வாக்கியம் எழுதிப் பார்ப்பதில் ஒரு பாடம் இருக்கத்தான் செய்தது. வைவாவில் கேட்டால் சொல்ல முடிந்தது. ஆனால் அந்தக் கட்டத்தில் ஒரு விஷயம் எப்போதும் இல்லை: இந்த ஆணை ஏன் இங்கே வந்தது என்பது. தசம எண்களாகக் கூட்டும் பிசிடி சோதனையில் டிஏஏ என்ற ஆணையை எல்லோரும் எழுதினோம். அதற்கு நேரே ‘டெசிமல் அட்ஜஸ்ட் அக்குமுலேட்டர்’ என்று அதன் முழுப் பெயரையே கமெண்ட்டாகப் போட்டோம். எதை, எப்போது, எந்தக் கொடியைப் பார்த்துத் திருத்துகிறது என்று ஒருவர் நோட்டிலும் இல்லை.

இன்று என் வேலையில் பாதி, ஒரு 8085 எமுலேட்டரின் கமெண்ட்களைச் சீர்செய்வது. எடை காட்டும் கருவிகள், எண்ணிக்கை காட்டும் கருவிகள் என்று பழைய 8085 போர்டுகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் இடங்கள் இருக்கின்றன. அவற்றின் ஃபர்ம்வேரில் ஏதாவது மாற்றினால், ஈப்ராமில் எரிப்பதற்கு முன்னால் எங்கள் எமுலேட்டரில் ஓட்டிப் பார்ப்பார்கள். சி மொழியில் எழுதியது. நடுவில் ஒரு பெரிய ஸ்விட்ச், அதில் 256 கேஸ். அதில் 246க்கு இன்டெல் மேனுவலில் விளக்கம் உண்டு. மீதிப் பத்து, சிப்பில் இருந்தும் இன்டெல் வெளியே சொல்லாத ஆணைகள். 08, 10, 18, 28, 38 எல்லாம் அந்த வகை.

பல கை பட்ட கோடு. ஒருவர் எல்லா இடத்திலும் இரட்டைச் சாய்கோட்டில் கமெண்ட் எழுதியிருந்தார். இன்னொருவர் நட்சத்திரங்களால் நாலு பக்கமும் வேலி போட்டு, நடுவில் ஒரே ஒரு வார்த்தையை உட்கார வைத்திருந்தார். மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் ‘கிட்’ மென்பொருள் எங்களிடம் வருவதற்கு முந்தைய காலத்தவர் ஒருவர், ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்தில் தேதியும் தன் பெயரின் முதலெழுத்தும் போட்டிருந்தார். அன்றைக்கு வரலாறு இருக்க வேறு இடம் கிடையாது, அவர் செய்தது சரி. நடுநடுவே கமெண்ட்டாக மாற்றி முடக்கப்பட்ட பழைய கோடு, உயிரோடு இருப்பதா போனதா என்று தெரியாமல் கிடந்தது.

ஒரே மாதிரி ஆக்க வேண்டும் என்று முடிவானபோது நாங்கள் புதிதாக விதி எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஃபாப்ரிஸ் பெல்லார் 2003இல் தொடங்கிய க்யூஎமுவின் நடைமுறையையே எடுத்துக்கொண்டோம். ப்ராசசர் எமுலேட்டர்களில் அதற்கு இணையாக விரிந்து வளர்ந்தவை குறைவு. அதன் விதி எளியது. இரட்டைச் சாய்கோடு வேண்டாம், சாய்கோடு-நட்சத்திரம் போதும். கமெண்ட் ஒரு வரிக்கு மேல் போனால், தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் தனித்தனி வரியில் நிற்க வேண்டும், இடது ஓரத்தில் நட்சத்திரங்கள் நேராக இறங்க வேண்டும். இரட்டைச் சாய்கோடு 1999ஆம் ஆண்டு சி தரநிலையில் செல்லுபடியாகும், எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்பதற்காக மட்டுமே தவிர்க்கிறோம் என்று அந்த விதியே காரணம் சொல்லிவிடுகிறது. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். இத்தனைக்கும் சாய்கோட்டு ஜோடி சி மொழியைவிட வயதில் மூத்தது. மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் 1967இல் உருவாக்கிய பிசிபிஎல் மொழியிலேயே அது இருந்தது. சி அதை விட்டுவிட்டு நட்சத்திரத்துக்குப் போனது, சி++ திரும்பக் கொண்டுவந்தது, பிறகு சி-யும் ஏற்றுக்கொண்டது.

லினக்ஸ் கெர்னலிலிருந்து வந்த செக்பேட்ச் என்ற பெர்ல் ஸ்கிரிப்ட் இந்த விதிகளைக் காவல் காக்கிறது. அது, மாற்றங்களைத் தொகுத்து அனுப்பும் பேட்சில் வரும் வரிகளைத்தான் பார்க்கும். அதனால் பழைய கோடு, யாரும் தொடாத வரை, பழைய உடையிலேயே இருந்துவிடும். ஒரு ஃபங்ஷனை இந்த ஃபைலிலிருந்து அந்த ஃபைலுக்கு எடுத்துப் போகலாம் என்று போனால், பத்து வருஷத்துக்கு முன் யாரோ எழுதிய கமெண்ட்டுக்கெல்லாம் சேர்த்து உங்களை எச்சரிக்கும். அதனால்தான் நடையை மட்டும் திருத்தும் பேட்ச் முதலில், இடம் மாற்றும் பேட்ச் அதற்கப்புறம் என்ற வழக்கம் க்யூஎமு மாதிரி திட்டங்களில் வந்தது. சலிப்பான வழக்கம்தான், ஆனால் தேவையானது. இடம் மாற்றும்போதே அழகும் படுத்தினால், படித்துப் பார்ப்பவருக்கு எது மாறியது, எது நகர்ந்தது என்று பிரித்தறியவே முடியாது.

ஸ்கிரிப்ட் கையில் இருக்கும்போது மனிதர் எதற்கு என்று எங்கள் குழுவில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. குறியை மாற்றும் வேலையை மெஷினிடம் விட்டுப் பார்த்தோம். ஒரு ஃபைலில், பல கிட்களின் மானிட்டர் ஃபைல்கள் இருக்கும் இடத்தைச் சொல்ல, கிட்ஸ், சாய்கோடு, நட்சத்திரம், சாய்கோடு, மானிட்டர் என்று பாதை எழுதிய ஒரு கமெண்ட் இருந்தது. இரட்டைச் சாய்கோட்டுக்குள் அது வெறும் எழுத்து. நட்சத்திரக் குறிக்குள் கொண்டுபோனதும் பாதையின் நடுவில் இருந்த நட்சத்திரமும் சாய்கோடும் சேர்ந்து கமெண்ட்டை அங்கேயே மூடிவிட்டன. மிச்ச வார்த்தைகள் கோடாக வெளியே விழுந்து கம்பைல் ஆகவில்லை. இது நல்ல வகைத் தவறு, உடனே கத்திவிடும். எதிர்த்திசையில் இருப்பது கெட்ட வகை. இரட்டைச் சாய்கோட்டுக் கமெண்ட்டின் கடைசி எழுத்து பின்சாய்கோடாக இருந்தால், அடுத்த வரியும் கமெண்ட்டோடு சேர்ந்துவிடும். கொடி ரிஜிஸ்டரைக் கோடுகளால் படம் வரைந்தவர்கள் இப்படி ஒரு மூலையில் பின்சாய்கோட்டை விட்டுவிடுவார்கள். எச்சரிக்கைகளை அணைத்து வைத்திருந்தால், அடுத்த வரி சத்தமில்லாமல் காணாமல் போகும்.

கம்பைலரே படிக்கும் கமெண்ட்களும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. எமுலேட்டரில் ஒரு கேஸ் தன் வேலையைச் செய்துவிட்டு, பிரேக் இல்லாமல் அடுத்த கேஸுக்குள் இறங்குவது சாதாரணம். வேண்டுமென்றுதான் இறங்குகிறோம் என்று சொல்ல ‘ஃபால் த்ரூ’ என்று கமெண்ட் போடுவோம். 2017இல் வந்த ஜிசிசி 7 அந்தக் கமெண்ட்டைத் தேடிப் பார்க்கிறது. இருந்தால் பேசாமல் இருக்கும், இல்லாவிட்டால் எச்சரிக்கும். நடையைச் சீர்படுத்துகிறேன் என்று அதற்கு முன்னால் விளக்கமாக நாலு வார்த்தை சேர்த்து நீட்டினால், வழக்கமான எச்சரிக்கை நிலையில் அதற்கு அடையாளம் தெரியாது. சி23 இதற்கென்று தனி அட்ரிபியூட்டே தந்துவிட்டது, அதுதான் சரியான தீர்வு. ஆனால் பழைய கம்பைலர்களோடு வாழ்பவர்கள் அந்த ரெண்டு வார்த்தைக் கமெண்ட்டை நிறுத்தற்குறி உட்பட மதிக்கத்தான் வேண்டும்.

ஃபைலின் தலையில் இருக்கும் உரிமக் கமெண்ட் வேறு விதமான பழங்கதை. ஜிபிஎல் நகல் கிடைக்காவிட்டால் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனுக்குக் கடிதம் எழுதுங்கள் என்று ஒரு தபால் முகவரி இருக்கும். சிலதில் கேம்பிரிட்ஜ், 675 மாஸ் அவென்யூ. சிலதில் பாஸ்டன், 59 டெம்பிள் பிளேஸ். சிலதில் 51 ஃப்ராங்க்ளின் தெரு. அவர்கள் வீடு மாறிய வரிசையைக் கொண்டே அந்த ஃபைல் எந்தக் காலத்தது என்று கணிக்கலாம். இப்போது முகவரியை எடுத்துவிட்டு இணைய இணைப்பைப் போடுகிறார்கள். அதையும் நாங்கள் தனி கமிட்டாகத்தான் செய்தோம், உரிம வாசகத்தில் வேறு ஒரு எழுத்தும் மாறக்கூடாது என்பதற்காக.

இதெல்லாம் கவனம் இருந்தால் போதும் என்ற ரகம். எனக்கு இந்த வேலை பிடித்துப் போனதற்குக் காரணம் வேறொரு கமெண்ட்.

ஏஎன்ஏ, ஏஎன்ஐ என்ற ரெண்டு ஆணைகளும் ‘அண்ட்’ செய்யும் ஆணைகள். அந்தக் கேஸ்களில், ஆக்சிலரி கேரி கொடியை எந்தக் கணக்கும் இல்லாமல் ஒன்று என்று வைக்கும் ஒரு வரி. அதன் பக்கத்தில், ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு கமெண்ட்: ‘இங்க கை வைக்காதீங்க’. அவ்வளவுதான். யார் எழுதியது, ஏன் என்று எதுவும் இல்லை. என்னோடு வேலை செய்யும் ஜூனியர் பெண் அந்த வரியை என்னிடம் காட்டினாள்.

“அக்கா, இது பக்தானே? ரெண்டு எண்ணிலயும் மூணாவது பிட்டைப் பார்த்து, ‘ஆர்’ பண்ணி வைக்கணும்னு மேனுவல்ல இருக்கு.”

“எந்த மேனுவல் பார்த்தே?”

“8080. ரெண்டும் ஒண்ணுதானேக்கா?”

கிட்டத்தட்ட ஒன்றுதான். 8080க்கு எழுதிய ப்ரோகிராம் 8085இல் ஓடும். ஆனால் இந்த இடத்தில் இல்லை. 8080, ‘அண்ட்’ செய்யும்போது ரெண்டு எண்களின் மூன்றாவது பிட்களையும் ‘ஆர்’ செய்து ஆக்சிலரி கேரியில் வைக்கும். 8085 எந்த எண் வந்தாலும் அதை ஒன்றாக்கிவிடும். ரெண்டு சிப்களுக்கும் பொதுவாக இன்டெல் போட்ட அசெம்பிளி மேனுவலே இந்த வித்தியாசத்தைச் சொல்கிறது, ஆனால் தேடிப் படிப்பவருக்குத்தான் கண்ணில் படும்.

வித்தியாசம் எங்கே தெரியும் என்று கேட்டாள். டிஏஏ-யில் தெரியும். கல்லூரியில் முழுப் பெயரை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்த அதே ஆணை. கீழ் நாலு பிட் ஒன்பதுக்கு மேல் போனாலோ, ஆக்சிலரி கேரி ஒன்றாக இருந்தாலோ, டிஏஏ ஆறு கூட்டும். எக்ஸ்ஆர்ஏ ஏ என்று போட்டு அக்குமுலேட்டரைப் பூஜ்யமாக்கி, ஏஎன்ஐ 00 கொடுத்து, உடனே டிஏஏ கொடுத்தால் 8080 பூஜ்யத்தையே தரும். 8085 ஆறு தரும். பூஜ்யத்தையும் பூஜ்யத்தையும் ‘அண்ட்’ செய்து திருத்தினால் ஆறு! முதலில் கேட்பவர் நம்பமாட்டார். ஒரு பழைய கிட் எங்கள் அலமாரியில் இருந்தது. 4100இலிருந்து எட்டு பைட் அடித்து, விடையை 4500இல் போடச் சொல்லி ஓட்டினோம். டிஸ்ப்ளேயில் 06 வந்தது. அவள் இன்னொரு தடவை ரீசெட் செய்து, தானே அடித்துப் பார்த்தாள். மறுபடியும் 06.

எடை காட்டும் கருவியின் ஃபர்ம்வேர் தசமமாகக் காட்ட டிஏஏ-யைத்தான் நம்பியிருக்கிறது. அந்த ஒற்றை வரியை 8080 மேனுவலைப் பார்த்து யாராவது ‘சரி’ செய்திருந்தால், எமுலேட்டரில் ஒரு விடையும் போர்டில் வேறு விடையும் வரும். ஈப்ராம் எரித்த பிறகுதான் தெரியும். எழுதியவருக்கு இது தெரிந்திருந்தது. அவரும் எங்கேயோ அடிபட்டுத்தான் கண்டுபிடித்திருப்பார். ஆனால் எச்சரிக்கையை மட்டும் விட்டுவிட்டுக் காரணத்தைத் தன்னோடு கொண்டுபோய்விட்டார். எனவே நாங்கள் எழுதிய புதிய கமெண்ட் ஐந்து வரி: 8080 என்ன செய்யும், 8085 என்ன செய்யும், எந்த மேனுவல், எந்த மூன்று ஆணைகளில் சோதிக்கலாம், விடை என்ன. விதிப்படி தொடக்கக் குறி தனி வரியில், நட்சத்திரங்கள் நேராக. அந்த மூன்று ஆணைகளை டெஸ்ட்டாகவும் சேர்த்தோம்.

நடையைத் திருத்தும் வேலையை நான் மதிப்பது இதற்காகத்தான். பத்து வருஷமாக யாரும் படிக்காத வரிகளை ஒருவர் உட்கார்ந்து வரிசையாகப் படிக்க வேறு எந்தக் காரணமும் கிடைக்காது. ஸ்கிரிப்ட் குறியை மாற்றட்டும். ஆனால் மாற்றிய ஒவ்வொரு வரியையும் மனிதர் படிக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

கமெண்ட்டை மட்டும் தொட்டோம் என்பதை நிரூபிக்கவும் வழி இருக்கிறது. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் டீபக் தகவல் இல்லாமல் கம்பைல் செய்து, ஆப்ஜெக்ட் ஃபைல்களை பைட்டுக்கு பைட் ஒப்பிட்டால் ஒன்றாக இருக்க வேண்டும். அசர்ட் இருக்கும் ஃபைல்களில் வரி எண் உள்ளே பதிவாவதால் வித்தியாசம் காட்டும். அசர்ட்டை அணைத்துவிட்டு ஒப்பிட வேண்டும். பிறகு, அந்தக் கமிட்டின் அடையாளத்தை, கிட் பிளேம் பார்க்கும்போது தாண்டிச் செல்ல வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்துவிடுவோம். 2019இல் வந்த கிட் 2.23 முதல் இந்த வசதி இருக்கிறது. இல்லாவிட்டால், ஒரு வரியை எழுதியவர் யார் என்று கேட்கும்போதெல்லாம் கமெண்ட் திருத்தியவரின் பெயர்தான் வந்து நிற்கும். உழைத்துக் கண்டுபிடித்தவரின் பெயரை மறைக்க எங்களுக்கு உரிமையில்லை.

இப்போது கோடு எழுதித்தரும் ஏஐ கருவிகள் வந்துவிட்டன. புதிதாகச் சேர்ந்தவர்கள் அனுப்பும் பேட்ச்களில் ஒவ்வொரு வரிக்கும் கமெண்ட் இருக்கிறது. எழுத்துப் பிழை இல்லை, நட்சத்திரங்கள் நேராக இருக்கின்றன, செக்பேட்ச் வாயே திறப்பதில்லை. படித்தால், ‘கேரிக் கொடியைப் பூஜ்யமாக்கு’, ‘பிசி-யுடன் ஒன்று கூட்டு’. சார் கையெழுத்துக்காக நாங்கள் நிரப்பிய கட்டம் அப்படியே திரும்பி வந்திருக்கிறது. அவற்றை நீக்கச் சொல்லித்தான் திருப்பி அனுப்புகிறேன். நீக்கியதும் ஏன் என்று ஒரே ஒரு வரி எழுதச் சொல்கிறேன். எழுதத் தெரியவில்லை என்று வந்தால், மேனுவலை எடுத்து வைத்துக்கொண்டு சேர்ந்து உட்காருகிறோம். நேரம் பிடிக்கிறது. அதற்கு நான் நேரம் கொடுப்பேன்.

இந்த வாரம் கையில் இருப்பது டைமிங் டேபிள். ஒவ்வொரு ஆணைக்கும் எத்தனை கிளாக் என்று 256 எண்கள், மேலே ‘சைக்கிள்ஸ்’ என்று ஒரு வார்த்தைக் கமெண்ட், வேலி நட்சத்திரங்களோடு. 8080இல் நிபந்தனை ஜம்ப் குதித்தாலும் குதிக்காவிட்டாலும் 10. 8085இல் குதித்தால் 10, குதிக்காவிட்டால் 7. இது எந்தச் சிப்பின் டேபிள் என்று கமெண்ட்டில் இல்லை. ஜம்ப்களுக்கு 8085 எண்களே இருக்கின்றன. ஆனால் கால் ஆணைக்கு நேரே 17 இருக்கிறது. அது 8080இன் எண், 8085இல் 18. வேலியை எடுத்து, எந்தச் சிப், எந்த மேனுவல், ரெண்டு எண் இருந்தால் எது எப்போது என்று கமெண்ட் எழுதும் பேட்ச் தயாராகிவிட்டது. அதில் அந்த 17ஐ நான் தொடவில்லை. அது தனி பேட்சாக, டெஸ்ட்டோடு, ஜூனியரின் பெயரில் போகும்; கண்டுபிடித்தது அவள்.